போச்சினொக்

கணக்கெடுப்புக் கருவியில்
'குடியிருப்பின் வகை' என்றொரு கட்டம்.
தொட்டால் மூன்று சொற்கள் இறங்கும்:
செலோ, திரெவ்னியா, பொஸ்யோலக்.
தேவாலயம் இருந்தால் செலோ.
இல்லாவிட்டால் திரெவ்னியா.
ஆலையோ மரக்கிடங்கோ பெற்றுப்போட்டது பொஸ்யோலக்.
பயிற்சி வகுப்பில் அரைமணி நேரத்தில் முடித்துவிட்டார்கள்.
நானும் கொட்டாவியோடு தலையாட்டியிருந்தேன்.

வியாத்கா ஆற்றுக்கு வடக்கே அக்டோபர்ச் சேறு.
ஜீப் இரண்டு முறை வயிறு தட்டி நின்றது.
ஓட்டுநர் கெர்மன் ஊசியிலைக் கிளைகளை ஒடித்துச்
சக்கரத்துக்குக் கீழே திணித்தான்,
யாரையோ திட்டிக்கொண்டே. என்னைத்தானோ என்னவோ.

பிறகு ஒரு வீடு. அதன் புகை.
எதிரே இன்னொரு வீடு, முதுகொடிந்த கூரையோடு.
அவ்வளவுதான்.

கபிதொலீனா அர்ஹீப்பொவ்னா. வயது அறுபத்தொன்று.
எட்டாம் வகுப்பு.
தொழில்?
"மூன்று ஆடு. எழுதிக்கொள்."
வகை என்ற இடத்தில் நான் திரெவ்னியாவைத் தொட்டேன்.
கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கி எட்டிப்பார்த்தாள்.
"அதை அழி. இது போச்சினொக்."
"அதற்குக் கட்டம் இல்லை."
"கட்டம் இல்லாவிட்டால் கட்டு."

அந்தச் சொல் எனக்குத் தெரியாததல்ல.
எங்கள் பள்ளியில் அது வசவு.
ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்ற ஃபாயினாவை,
முழங்கால் வரை சேறோடு வகுப்புக்கு வந்தவளை,
"போடி போச்சினொக்கு" என்று
முதலில் கூப்பிட்டது நான்தான்.
மற்றவர்கள் பிறகுதான் சேர்ந்துகொண்டார்கள்.

"காட்டை வெட்டி ஒருவன்
முதல் மரத்தைக் கிடத்துகிறான் இல்லையா,
அதற்குப் பேர் போச்சினொக்.
ஆரம்பம் என்று அர்த்தம்.
வீடு பெருகினால் திரெவ்னியா ஆகும்.
எங்களுக்கு ஆகவில்லை."

"லூக்கா வந்து இருநூறு வருஷம் இருக்குமே," என்றேன்.
வரும் வழியில் சாய்ந்து கிடந்த பலகையில்
லூக்கின் போச்சினொக் என்று பார்த்திருந்தேன்.
"இருக்கட்டும். இன்னும் முடியவில்லை."

வாசலில் பூட்ஸைச் சுரண்டிக்கொண்டிருந்த கெர்மன் சிரித்தான்:
"எனக்கு அது ரிப்பேர் என்று கேட்கிறது, அத்தை.
போச்சின்கா.
என் வண்டியைத்தான் சொல்கிறீர்களோ என்று பார்த்தேன்."
அவள் மறுக்கவில்லை.
"அதுவும்தான்" என்று எதிர்வீட்டைக் காட்டினாள்.

அப்போதுதான் கவனித்தேன்.
கறுத்த சுவரின் அடிவரிசையில்
மூன்று புதிய மரங்கள், வெண்ணெய் நிறத்தில்.
பிசின் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"நகரத்திலிருந்து ஒருவன். தேன்பெட்டிகளோடு வந்தான்.
பேர் சவ்வாத்தியோ என்னவோ.
கோடாலியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது.
கட்டைவிரலைப் பிளந்துகொண்டான்,
நான்தான் தைத்துவிட்டேன்,
ஆட்டுக்குத் தைக்கிற நூலில்."
"இப்போது எங்கே?"
"ஆணி வாங்கப் போயிருக்கிறான்."
"நேற்றிரவு இங்கே தூங்கினாரா?
தூங்கியிருந்தால்தான் கணக்கில் வரும்."

"தூங்கினான்.
ரேடியோவை அலறவிட்டுக்கொண்டு தூங்கினான்.
பன்னிரண்டு வருஷம் கழித்து
பக்கத்து வீட்டுச் சத்தத்தில் எனக்குத் தூக்கம் கெட்டது.
சுவரை இடித்துத் திட்டலாம் என்றால்
நடுவில் பாதை அல்லவா இருக்கிறது.
கம்பளியைச் சுற்றிக்கொண்டு போய்த் திட்டிவிட்டு வந்தேன்."
சொல்லும்போது முகம் சிவந்திருந்தது.
கோபத்தில் என்று எழுதினால் பொய்.

இரண்டு நபர்கள் என்று பதிந்தேன்.
வகையைக் காலியாக விட்டேன்.
காலியாக விட்டால் கருவி சம்மதிக்காது,
சிவப்புக் கோடு போட்டுக்கொண்டு நிற்கும்.
நின்றது.
அலுவலகத்தில் கேட்பார்கள்.
சேறு, சிக்னல் இல்லை, ஏதாவது சொல்ல வேண்டும்.

கிளம்பும்போது உப்பிட்ட காளான் ஒரு புட்டி கொடுத்தாள்.
மடியில் வைத்திருந்தேன்.
ஃபாயினா இப்போது எங்கே இருக்கிறாள் என்று
கெர்மனிடம் கேட்க வாயெடுத்தேன்,
அதே வகுப்புதானே அவனும்.
அதற்குள் அவன் ஒரு குழியில் இறக்கிவிட்டான்.
மூடி கழன்று
உப்புநீர் முழுக்கப் பாவாடையில்.
வெந்தய இலையும் பூண்டும் ஓக் இலையுமாய்
மாவட்டத் தலைநகர் வரை நாறிக்கொண்டு போனேன்,
போச்சினொக்காரியாக.